ஜார்கண்டுக்கு அனுப்பும் முன் ஓரியூர் வரை

எங்கள் மூத்த மகன் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து ஜார்கண்ட் மறைபணிக்குப் போவது என்று தவக்காலத்திலேயே முடிவாகிவிட்டது. ஜூன் மாதம் புறப்பட வேண்டும். நடுவில் இருந்தது இந்தக் கோடை மட்டும்தான். அதற்குள் எத்தனை வேலை! ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, எங்கள் திருமணச் சான்று என்று அவன் அப்பா பங்கு அலுவலகத்துக்கு நடந்தார். மருத்துவச் சான்று வாங்கினோம். திருநெல்வேலி வெயிலில் கம்பளிப் போர்வை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினோம். ராஞ்சிப் பக்கம் மார்கழியில் குளிர் கடுமை என்று அங்கே பணி செய்யும் எங்கள் ஊர்ச் சாமியார் ஒருவர் சொல்லியிருந்தார்.

அவனுக்கென்று ஓர் எண் கொடுத்து, அதை எல்லாத் துணியிலும் தைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சட்டைக் காலரின் உள்பக்கம், லுங்கி ஓரம், துண்டு, தலையணை உறை என்று ராத்திரிச் செபமாலை முடிந்த பிறகு உட்கார்ந்து சிவப்பு நூலில் தைத்தேன். பெயரைத் தைக்கச் சொல்லியிருந்தால் கை இவ்வளவு கனத்திருக்காது.

இதற்கு நடுவில் சின்னவளுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். மே மாதம் மாதா வணக்க மாதம் வேறு. எங்கள் தெருவில் மாதா சுரூபம் வீடு வீடாக வரும். நம் வீட்டுக்கு வரும் நாளில் சுண்டல் அவிக்க வேண்டும், பந்தல்காரரிடம் நாற்காலி சொல்ல வேண்டும். அப்புறம் விருந்து. கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளையைக் கூப்பிடுவது போல அத்தை வீடு, சித்தி வீடு, பெரியப்பா வீடு என்று ஆளாளுக்கு அவனைக் கூப்பிட்டு இலை போட்டார்கள். "அங்க ரொட்டிதானாமே, இங்க நல்லா சாப்பிடுய்யா" என்று சொல்லாத வீடு இல்லை.

ஆச்சி மட்டும் வேறொன்று கேட்டார்கள். ஓரியூரில் வேதசாட்சியாக இறந்த சேசு சபைப் புனிதர் அருளானந்தரின் கோயில் அது. "புள்ளைய அருளானந்தர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு பூசை காணவச்சு, அப்புறம் அனுப்புங்க." சரி என்று வேன் பேசினோம். மணப்பாடு, தூத்துக்குடி பனிமய மாதா, ஓரியூர், வேளாங்கண்ணி என்று கடற்கரையோரமாகவே வழி அமைந்தது.

புறப்பட்ட அன்று காலை வடக்கன்குளம் கோயிலில் செபித்துவிட்டுத்தான் வண்டி ஏறினோம். வேதசாட்சி தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றது 1745-இல் அங்கேதான். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது ஊரே விழாக்கோலமாக இருந்தது. அவர் மனைவி ஞானப்பூ அம்மாளும் வடக்கன்குளத்து மண்ணில்தான் அடக்கமாகியிருக்கிறார். அந்தப் பயணம் முழுக்க, புனிதர்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களைப் பற்றியே என் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

மணப்பாட்டில் மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில். 1581-இல் கட்டியது. ஏறி நின்றால் மூன்று பக்கமும் கடல். கீழே பாறைக்குள் சேசு சபை மறைபணியாளர் புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவருக்குத் தமிழ் ஓர் எழுத்து தெரியாது. போர்த்துக்கீசும் தமிழும் தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். குகைக்குள் முழங்காலில் நின்றுவிட்டு வெளியே வந்த மகன், "நானும் அப்படித்தாம்மா. முதல்ல இந்தி, அப்புறம் முண்டாரியோ சந்தாலியோ. அங்க போய் ஒண்ணாங்கிளாஸ்லதான் உக்காரணும்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த ஆசையை நான் பார்த்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்றைக்குக்கூட அப்படி ஒரு முகம் பார்த்ததில்லை.

தூத்துக்குடியில் பனிமய மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அன்றே கிளம்பிவிட்டோம்.

ஓரியூர் ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். சுற்றிலும் கருவேலங்காடும் வறண்ட கண்மாயும். வெயில் கொளுத்தியது. அங்கேதான் 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். அவர் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்து, இங்கே பண்டாரச் சாமியாக வேடம் பூண்டு, காவி கட்டி, புலால் தொடாமல், மறவர் சீமை முழுக்கக் கால்நடையாக அலைந்தவர். நோயிலிருந்து குணமான மறவர் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பெண்ணின் மனக்குறையே அருளானந்தரை ஓரியூருக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் இரத்தம் சிந்திய இடத்தில் மண் சிவப்பாக இருக்கிறது என்பது மக்களின் நம்பிக்கை. நான் பார்த்தேன், மண் சிவப்பாகத்தான் இருக்கிறது. கையில் எடுத்தால் பொடிப்பொடியாக, விரல் ரேகைக்குள் ஒட்டிக்கொள்கிறது.

கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் இல்லை போலத் தெரிந்தது. ஒரு பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு, முந்தானையில் அந்த மண்ணை முடிந்துகொண்டிருந்தார். பேத்திக்குக் காய்ச்சல் விடவில்லையாம். எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "என்ன தாயி, புள்ளைக்கு மொட்டையா?" என்று கேட்டார். "இல்ல பாட்டி, மகன் சாமியாருக்குப் போறான்" என்றேன். பாட்டி அவன் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண்ணை வைத்து மூடினார். "எங்க அருளானந்தர் சாமி பாத்துக்கிடும்" என்றார். 'எங்க' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பூசை முடிந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். அப்போதுதான் மகன் அருளானந்தரின் அம்மாவின் கதையைச் சொன்னான். துறவற வாழ்வுக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கான அழைத்தல் முகாமில் கேட்டதாம், எனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறான்.

அருளானந்தரின் அப்பா போர்த்துக்கல் மன்னருக்காகப் பிரேசிலில் ஆளுநராக இருந்தவர். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே இறந்துபோனார். வளர்த்தது முழுக்க அம்மா. சிறுவயதில் மகனுக்குக் கடுமையான நோய். மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் அம்மா சவேரியாரிடம் நேர்ச்சை வைத்தார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் சேசு சபை அங்கி உடுத்தவைக்கிறேன் என்று. பிழைத்தான். அரண்மனைக்குள் அந்தச் சின்ன அங்கியோடு திரிந்தான். உடுப்பைக் கழற்றிய பிறகும் ஆசை போகவில்லை. 1662-இல் சபையில் சேர்ந்தார். 1673-இல் இந்தியாவுக்குக் கிளம்பினார். அப்போது அம்மாவால் தாங்க முடியவில்லை. திருத்தந்தையின் தூதர் வரைக்கும் போய், என் மகனை அனுப்பாதீர்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்டும் நடக்கவில்லை. கப்பல் போய்விட்டது.

"அந்த அம்மா பேரு என்னய்யா?"

"பியாத்ரிஸ்ம்மா."

அப்புறம் ஒன்றும் சொன்னான். மகன் வேதசாட்சியாக இறந்த செய்தி லிஸ்பனுக்கு வந்தபோது மன்னர் நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். பியாத்ரிஸ் அம்மாள் துக்க உடை உடுத்தாமல், திருவிழாவுக்குப் போகிறவர் போல உடுத்தி வந்தாராம்.

எல்லாரும் அந்தத் திருவிழா உடையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். மகனும் அதைச் சொல்லும்போதுதான் குரலை உயர்த்தினான். எனக்கோ, தூதர் வீட்டு வாசலில் நின்ற பியாத்ரிஸ் அம்மாள்தான் மனசில் நின்றார். நேர்ந்துகொண்டவரும் அவர்தான், தடுக்கப் பார்த்தவரும் அவர்தான், கடைசியில் பூசைக்கு உடுத்திப் போனவரும் அவர்தான். அவர் தடுத்ததை அருளானந்தர் தாண்டிவந்த ஒரு முட்டுக்கட்டையாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். புருஷனை இழந்து, சாகக்கிடந்த பிள்ளையைச் செபித்து மீட்ட தாய் கேட்காமல் வேறு யார் கேட்பது? கடவுள் அதற்காக அவரைக் கோபித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. கேட்கிற உரிமையும் வேண்டுதலில் ஒன்றுதான்.

அன்றைக்கு நான் அங்கே அழுதேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி சிவந்த மண்ணைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, "பெட்டியில அடியில வையி" என்று கொடுத்தார்கள்.

வேளாங்கண்ணியில் ஒரே கூட்டம். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் வெயிலையும் பாராமல் ஆட்கள் முழங்காலில் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னவளும் கொஞ்ச தூரம் அப்படியே போனாள். அண்ணனுக்காகவாம். மாதாவிடம் நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை; ஓரியூரில் கேட்டதையே சொன்னேன்.

ஜூனில் சென்னை வரை கூடப் போய் ராஞ்சி ரயிலில் ஏற்றிவிட்டோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து நிமிஷம் பேசலாம். இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டானாம், சாப்பாடு பிடித்திருக்கிறதாம். கம்பளியை இன்னும் பிரிக்கவில்லை என்றான்.

பிப்ரவரி 4 திருவிழாவுக்கு மறுபடியும் ஓரியூர் போகிறோம். பியாத்ரிஸ் அம்மாளுக்காக ஒரு பூசைக் கருத்து எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பங்கில் இன்னொரு வீட்டிலும் பையன் அடுத்த வருடம் வடக்கே போகிறான். அவன் அம்மா கோயிலில் என்னைப் பார்த்தாலே கண் கலங்குகிறாள். அவளையும் கூட்டிப்போகப் பேசியிருக்கிறேன். பூசைக்கு முன்னாலேயே போய்ச் சேர வேண்டும், அதனால் வேன் முந்தின நாள் ராத்திரியே கிளம்பும்.