480 நாள்

மணலியில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இந்த வேலையின் அறச்சிக்கல் எது என்று கேட்டால், ஆள்சேர்ப்பில் வரும் சிபாரிசு, சம்பள ரகசியம், புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியே விடாமல் காப்பது என்று பலவற்றைச் சொல்லலாம். என் தூக்கத்தைக் கெடுத்தது ஓர் எண்.

1981இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தின்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். அதைத் தவிர்க்கக் கையாளும் வழிக்கு எங்கள் பேச்சில் ‘பிரேக்’ என்று பெயர். 480ஐ நெருங்கும் ஆளைச் சில வாரம் நிறுத்திவைத்து, பிறகு வேறொரு கான்ட்ராக்டரின் பெயரில் புதிய ஆளாகக் கேட்டுக்குள் விடுவார்கள். மெஷினும் அதே, ஷிப்டும் அதே, ஓட்டுபவரும் அவரே. மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் மட்டும் அவர் அன்றுதான் சேர்ந்தவர்.

சில ஆண்டுகளுக்கு முன் எண்ணூரைச் சேர்ந்த ஒருவர் அப்படி நிறுத்தப்பட்டு என் மேசை முன் வந்து நின்றார். கையில் மகளின் பள்ளி நோட்டு. அதன் கடைசிப் பக்கங்களில், வேலைக்கு வந்த நாள்களை ஐந்தைந்து கோடுகளாகப் பென்சிலால் போட்டுவைத்திருந்தார். மொத்தம் 471. “இன்னும் ஒன்பது நாள்தானே சார்” என்றார். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய்யல்ல, தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் முடியும் தேதியை எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டவன் நான்.

நானும் திருவொற்றியூரில்தான் குடியிருக்கிறேன். அடுத்த பௌர்ணமியன்று வடிவுடையம்மன் சன்னிதி வரிசையில் அவர் குடும்பத்தோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வணக்கம் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் உருவானது இதே வடசென்னையில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையேதான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அதிகாரி இருக்க வேண்டும் என்றது. எங்கள் பதவியின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழிலாளியின் நலனையும் பார்க்க வேண்டிய அந்த இரட்டைப் பொறுப்பில், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நாங்கள் கைவிட்டுவிட்டோம். சட்டத்தை மீறச் சொன்னால் மறுத்துவிடும் மேலாளர்கள்கூட, சட்டத்தின் உயிரை எடுத்துவிட்டு உடலைக் காட்டும் வேலையை மறுப்பதில்லை, நானும் மறுத்ததில்லை.

சென்ற ஆண்டு ஒரு காரியம் செய்தேன். கான்ட்ராக்ட் ஆள்களின் சம்பளச் சீட்டில், அந்த மாத வருகையோடு, கான்ட்ராக்டர் மாறியிருந்தாலும் முதல் நாளிலிருந்து வந்த மொத்த வேலை நாள்களையும் அச்சிட ஏற்பாடு செய்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று மேலிடத்தில் கேட்டார்கள். உண்மையான கணக்கைத்தானே அச்சிடுகிறோம் என்று எழுத்திலேயே பதில் கொடுத்தேன். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, அரை மனதோடு ஒப்புக்கொண்டார்கள்.

முதல் மாதச் சீட்டை வாங்கிய ஓர் இளைஞர், கடைசி வரியில் விரலை வைத்து, “இது என்ன நம்பர் சார்?” என்று கேட்டார். உட்காரச் சொல்லி விளக்கினேன்.