64-க்கும் 2,975-க்கும் நடுவில்

ஆகஸ்ட் 29, 2018, கொல்லங்கோடு, குமரி மாவட்டம்

மரியா புயலுக்கு, கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் செத்தவர்கள் 64 பேர் என்று போன டிசம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேற்று அந்தத் தீவின் ஆளுநர் கணக்கை 2,975 ஆக்கிவிட்டார். புயல் கரையைக் கடந்தது 2017 செப்டம்பர் 20-ல், நம்ம ஒக்கி புயலுக்குப் பத்து வாரம் முன்னால். ஒரு வருடம் கழித்து இத்தனை பிணங்கள் எங்கிருந்து வந்தன?

ஆகஸ்ட் 31

எங்கிருந்தும் வரவில்லை. எல்லாம் அப்போதே புதைத்து முடிந்தவை. இறப்புச் சான்றிதழில் டாக்டர் புயல் என்று எழுதினால்தான் கணக்கில் சேரும். மாரடைப்பு, சர்க்கரை, மூச்சுத்திணறல் என்று எழுதிவிட்டால் அது சாதாரணச் சாவு. பல டாக்டர்களுக்கு எப்படி எழுதவேண்டும் என்றே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம்.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வேறு வழியில் போனார்கள். புயல் இல்லாதிருந்தால் அந்த மாதங்களில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள், நிஜத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனவர்களையும் கழித்துக்கொண்டார்கள். பிப்ரவரி வரை கூடுதலாக வந்த சாவுதான் 2,975. மே மாதம் ஹார்வர்டு குழு 3,299 வீடுகளில் கேட்டுச் சொன்னது 4,645. ஆனால் உண்மை எண் 793-லிருந்து 8,498 வரை எதுவாகவும் இருக்கலாமாம். இவ்வளவு அகலமான வலையில் எந்த மீனும் விழும். எனக்கு 2,975 என்ற கணக்குதான் நம்பும்படி இருக்கிறது.

செப்டம்பர் 2, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது தூத்தூர்க்கார அண்ணன் ஒருத்தரிடம் இதைச் சொன்னேன். "நமக்கு எண்ணுறதுக்குப் பிணமே இல்லியே மக்கா" என்றார். சரிதான். நீரோடியிலிருந்து தூத்தூர் வரை ஆழ்கடலுக்குப் போனவர்களின் பெயர்களைப் சர்ச் பங்கு வாரியாக எழுதி வைத்துத்தான் யார் திரும்பவில்லை என்று தெரிந்தது. கரை ஒதுங்கிய உடல்களுக்கு டி.என்.ஏ. பார்க்க வேண்டியிருந்தது. காணாமல் போனவரை இறந்தவராக ஏற்க ஏழு வருடம் ஆகும் என்ற விதியை அரசு தளர்த்திய பிறகுதான் குடும்பங்களுக்கு 20 லட்சம் கிடைத்தது. எங்கள் கடையில் டைப் அடித்த மனுக்களில் "இறந்த தேதி" என்ற கட்டத்துக்கு வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நானும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன்.

கடல் கணக்காவது ஒரு வழியாக எழுதப்பட்டது. கரைக் கணக்கு?

செப்டம்பர் 3

நேற்று எழுதாமல் விட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஆஸ்துமா. ஒக்கியில் ரப்பரும் வாழையும் சாய்ந்த அன்று கரண்ட் கம்பங்களும் சாய்ந்தன. நாள் கணக்கில் மின்சாரம் கிடையாது, நெபுலைசர் அலமாரி மேலேயே இருந்தது. மரம் விழுந்த ரோட்டில் ஆட்டோவும் வரவில்லை. தாத்தா போய்ச் சேர்ந்தார். சான்றிதழில் மூச்சுத்திணறல். வயசு எழுபத்தெட்டு என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

புவேர்ட்டோ ரிக்கோவில் கடைசி வரை ஆபத்து குறையாதவர்கள் ஏழைப் பகுதிக்காரர்களும் 65 தாண்டிய ஆண்களும்தான் என்கிறது ஜார்ஜ் வாஷிங்டன் அறிக்கை. அங்கே மின்சாரம் முழுசாக வரப் பதினொரு மாதம் ஆனது.

செப்டம்பர் 14

மூவாயிரம் பேர் சாகவில்லை என்று டிரம்ப் நேற்று ட்விட்டரில் எழுதியிருக்கிறார். வயசாகிச் செத்தவர்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். வயசாகிச் சாகிறவர்களைக் கழித்த பிறகு மிஞ்சியதுதானே ஐயா அந்த எண்! ஜூனில் சான் ஹுவான் சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் மக்கள் இறந்தவர்களின் நினைவாக ஆயிரக்கணக்கான ஜோடிச் செருப்புகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதையாவது பார்த்திருக்கலாம்.

செப்டம்பர் 19

எங்கள் தாலுகாவுக்கும் இதே கணக்கைப் போடலாமே என்று தோன்றியது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், இறப்புப் பதிவேடு போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இன்று ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன். கேட்டது ஒன்றுதான்: 2012 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் ஜனவரியிலும் பதிவான இறப்புகள் எத்தனை, வயது வாரியாக. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.