மூன்றாவது அடி: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

ஜூன் 18, புதன்

காற்று தொடங்கிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற இந்த மேற்குக் காற்றில் இறகுப்பந்து ஆடினால் இறகு அடுத்த வீட்டு மாடிக்குத்தான் போகும். ஆகவே எங்கள் காலனிக் களம் ஆவணி வரைக்கும், துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடித்து ஆடும் பிக்கிள்பாலுக்கு வந்துவிட்டது.

களத்தை மாற்றுவதில் பெரிய வேலை இல்லை. அதே 44 அடி நீளம், அதே 20 அடி அகலம். 1965 இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஓர் இறகுப்பந்துக் களத்தில்தான். வலையை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் என்று இறக்கிக் கட்டினோம். அடியில் நாலு அங்குல இடைவெளி விழுகிறது. பந்தோ மூன்று அங்குலம். மேலே தாண்டியதா, கீழே நுழைந்ததா என்று காலை ஆறு மணிக்கே ஒரு பஞ்சாயத்து.

கிச்சன் கோட்டில்தான் கவனம் வேண்டும். கிச்சன் என்பது வலையை ஒட்டிய பகுதி; அதற்குள் நின்று பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்கக் கூடாது. இறகுப்பந்தின் முன்கோடு வலையிலிருந்து ஆறரை அடி. கிச்சனுக்கு ஏழு அடி. அரையடி பின்னால் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம். பழைய கோட்டைப் பார்த்தே பழகிய கால்கள் அந்த அரையடிக்குள் நின்றபடி பந்தைத் தரையில் விழவிடாமல் அடித்து, கையிலிருந்த புள்ளியைக் கொடுத்துவிடுகின்றன.

ஜூன் 21, சனி

இரும்புக்கடை அண்ணாச்சி இளமையில் பூப்பந்து ஆடியவர். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், பந்து தரையைத் தொட்டால் போயிற்று. அந்த ஆட்டத்தில் ஊறிய கை, பந்து கீழே விழும்வரை காத்திருக்க மறுக்கிறது. பிக்கிள்பாலில் சர்வீஸ் ஒருமுறை தரையில் பட வேண்டும். அதற்கு வரும் பதிலும் ஒருமுறை பட வேண்டும். அதன் பிறகுதான் விழவிடாமல் அடிக்கலாம். அண்ணாச்சி ஒவ்வொரு காலையும் இந்த விதியோடு மல்லுக்கு நிற்கிறார்.

இந்த விதியினால்தான் சர்வீஸுக்கும் பதிலுக்கும் அடுத்து வரும் மூன்றாவது அடிக்கு இத்தனை மதிப்பு. சர்வீஸ் போட்டவர்கள் பின்கோட்டிலேயே நின்றாக வேண்டும். எதிரணியோ பதிலை ஆழமாக அனுப்பிவிட்டு நிதானமாகக் கிச்சன் கோட்டுக்கு வந்துவிடும். வலைக்கு அருகில் நிற்பவருக்குப் பந்தை உயரமாகவும் வேகமாகவும் கொடுத்தால் அவர் நம் காலடியில் குத்திவிட்டுப் போவார். மூன்றாவது அடியில் பந்து மெல்ல எழுந்து, நம் பக்கத்திலேயே உச்சம் தொட்டு, வலையைத் தாண்டியதும் கிச்சனுக்குள் தொப்பென்று விழ வேண்டும். அங்கிருந்து யாராலும் கீழ்நோக்கி அடிக்க முடியாது. கீழிருந்து தூக்கித்தான் ஆக வேண்டும். அந்த அவகாசத்தில் நாம் முன்னே நடந்துவிடலாம்.

சொன்னால் இவ்வளவுதான். கை கேட்பதில்லை. இறகுப்பந்து ஆடியவர்கள் மணிக்கட்டைச் சுண்டுகிறார்கள். பூப்பந்து ஆடியவர் முழுத் தோளையும் இறக்குகிறார். இரண்டும் இங்கே உதவாது. மணிக்கட்டை அசைக்காமல், முழங்காலை மடக்கி, தோளிலிருந்து மட்டையை ஊஞ்சலாக முன்னே விட வேண்டும். பிடி தளர்வாக இருக்க வேண்டும். பத்தில் மூன்று பங்கு இறுக்கம் போதும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அண்ணாச்சியின் பிடி இரும்புக் கம்பி எண்ணுகிறவரின் பிடி. முழங்கை வலிக்கிறது என்று தைலம் தடவிக்கொண்டு வருகிறார். தைலத்துக்கு முன்னால் பிடியைத் தளர்த்துங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார், தளர்த்தவில்லை.

ஜூன் 25, புதன்

புதிதாகச் சேர்ந்த தம்பி பதினையாயிரம் ரூபாய் மட்டையும், ஓட்டப்பயிற்சிக்கான காலணியுமாக வந்திருக்கிறான். அந்தக் காலணி முன்னோக்கி ஓடுவதற்கானது. குதிகால் உயரம், பக்கவாட்டில் பிடிமானம் கிடையாது. இந்த ஆட்டத்தில் பாதி அசைவு பக்கவாட்டில்தான். கணுக்கால் மடங்க அது ஒன்றே போதும். தட்டையான அடியுள்ள களக் காலணியை முதலில் வாங்கு, மட்டை இருக்கட்டும் என்றேன். மட்டைக்குத்தான் எல்லோரும் பாராட்டு சொன்னார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

அக்கா வீட்டு மறுவீட்டுச் சாப்பாடு. சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆன பிறகு மாலை ஆட்டம் என்று யாராவது பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

ஜூலை 3, வியாழன்

வங்கியில் ஓய்வு பெற்ற சார் இன்று விழுந்தார். தலைக்கு மேல் போன பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, கால் பின்னி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். உள்ளங்கை சிராய்ப்போடு போயிற்று. ஐம்பது தாண்டியவர்களை இந்த ஆட்டம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழிகளில் இது முக்கியமானது. லாப், அதாவது தலைக்கு மேல் தூக்கிப் போடும் பந்து, வந்தால் முதலில் உடம்பைத் திருப்ப வேண்டும், பிறகு ஓட வேண்டும். எட்டாது என்று தெரிந்தால் விட்டுவிட வேண்டும். ஒரு புள்ளிதானே.

ஆட்டத்துக்குப் பிறகு திண்ணையில் பேச்சு முழுக்கக் கால்களைப் பற்றித்தான். நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த பழக்கத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டேன். சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். முழங்கால் நேராக ஒரு சுற்று. லேசாக மடக்கி ஒரு சுற்று. நேராக இருந்தால் கெண்டைக்காலின் மேல்தசைக்கு வேலை, மடக்கினால் அடியில் கிடக்கும் தசைக்கு. திடீரென்று முன்னே பாயும்போது பிடித்துக்கொள்வதும் கிழிவதும் இந்தக் கெண்டைக்கால்தான். பிறகு நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. இவற்றுக்குக் காசு வேண்டாம், களம் வேண்டாம், சாக்கும் செல்லாது.

ஆட்டத்துக்கு முன் குனிந்து கால்விரலைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னேன். முன்னால் வேண்டியது அசைவு: பக்கவாட்டு நடை, கால் வீச்சு, தோள் சுழற்சி. நின்று இழுப்பதெல்லாம் ஆடி முடித்த பிறகு. சாரின் மனைவி சிரித்துக்கொண்டே, டீச்சர் பீரியட் முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேர். பாதிப் பேர் டவுனில் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். ஆளில்லாத காலையில் கார் கொட்டகைச் சுவரில் 34 அங்குல உயரத்துக்குக் கோடு கிழித்து, ஏழு அடி தள்ளி நின்று, கோட்டுக்குச் சற்று மேலே படுமாறு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன். சுவர் பொறுமை இழப்பதில்லை. பொறுமை போவது நமக்குத்தான். அவசரப்பட்டால் பந்து உயர்ந்து திரும்புகிறது, அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று முழுக்கக் காற்றுப் பாடம். வெளிக்களப் பந்துக்கு 40 சிறு துளைகள், உள்ளரங்கப் பந்துக்கு 26 பெரிய துளைகள். 40 துளைப் பந்து சற்றுக் கனம், கடினம். ஆனாலும் 26 கிராமை ஒட்டிய பிளாஸ்டிக்தானே, இந்தக் காற்றுக்கு எம்மாத்திரம்! மேற்கே பார்த்து ஆடும்போது டிராப், அதாவது கிச்சனுக்குள் மெல்ல விழ வைக்கும் அந்த அடி, பாதி வழியில் நின்றுவிடுகிறது. கையை முழுவதும் முன்னே கொண்டுபோய்த் தள்ள வேண்டும். கிழக்கே பார்த்து ஆடினால் அதே அடி மிதந்துபோய் எதிரியின் மட்டையில் உட்காருகிறது. அந்தப் பக்கத்தில் வலையை உரசும் தாழ்வான அடிதான். லாப் இரண்டு பக்கத்திலும் வேண்டாம்.

ஜூலை 19, சனி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வண்ணார்பேட்டைக்காரர்கள் நால்வர் இந்தக் காற்றிலேயே வந்தார்கள். எல்லோரும் முப்பது வயதுக்குள். எங்கள் பக்கம் அண்ணாச்சியும் நானும்.

முதல் ஆட்டம் 11-4, அவர்களுக்கு. இரண்டாவதில் அண்ணாச்சி திடீரென்று மூன்றாவது அடியை மெல்லப் போடத் தொடங்கினார். அழகாக இல்லை, ஆனால் விழுந்தது. இளைஞர்கள் குனிந்து குனிந்து தூக்க, நாங்கள் கோட்டுக்கு நடந்து வந்துவிட்டோம். அவர்களின் வேகத்துக்கு இரையே கிடைக்கவில்லை. 10-9, சர்வீஸ் எங்களிடம். அந்த மூன்றாவது அடியை அண்ணாச்சி முழுத் தோளோடு இறக்கினார். பந்து பின்கோட்டின் மேலேயே விழுந்து புள்ளி கிடைத்துவிட்டது. இனி அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து பிரிக்க எனக்கு மார்கழி ஆகும்.

மூன்றாவது ஆட்டம் தோற்றோம். அடுத்த மாதம் அவர்களுடைய உள்ளரங்கத்தில் மறுபடியும். 26 துளைப் பந்து அரை டஜன் வாங்க வேண்டும். காசு யார் போடுவது என்று அண்ணாச்சியும் சாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.