ஃபார்மேட் அடிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸ் 11 புதிதாகப் போடுவது இன்று பெரிய வேலையே இல்லை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் காப்பி எடுத்தால் போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல். பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே எடுக்கக்கூடியவை சில உண்டு. அவற்றை விட்டால் பிறகு வழியே கிடையாது.

முதலில் பாஸ்வேர்டு. குரோமும் எட்ஜும் அதை அந்த விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டி வைக்கின்றன. யூசர் டேட்டா ஃபோல்டரை அப்படியே கொண்டுபோனால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அதே பெயரில் புதுக் கணக்கு திறந்தாலும் பலிக்காது, உள்ளே உருவாகும் சாவி வேறு. சிங்க் (உங்கள் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நகல் வைப்பது) ஓடியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சிஎஸ்வி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதில் எல்லாம் திறந்தபடி கிடக்கும் என்பதால், இம்போர்ட் முடிந்த கையோடு அழித்துவிட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ப்ரொஃபைல் ஃபோல்டரில் உள்ள கீ4.டிபி, லாகின்ஸ்.ஜேசன் இரண்டும் சேர்ந்து வந்தால் பாஸ்வேர்டும் வந்துவிடும். மெயில் மென்பொருளான தண்டர்பேர்டும் அப்படியே.

டி டிரைவில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். இத்தனை நாள் தானாகத் திறந்த டிரைவ், புது விண்டோஸில் சாவி கேட்கும்.

காப்பி எடுக்க எக்ஸ்ப்ளோரரை நம்பாதீர்கள், விண்டோஸோடு வரும் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பியே சரி. ஆனால் அதன் இயல்பு அமைப்பு ஆபத்தானது. ஒரு ஃபைல் திறக்க முடியாமல் போனால் 30 நொடிக்கு ஒரு முறை, பத்து லட்சம் தடவை முயலும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையிலும் அதே ஃபைலில் நிற்கும். எத்தனை தடவை முயல்வது என்பதற்கான ஆர், எத்தனை நொடி காத்திருப்பது என்பதற்கான டபிள்யூ இரண்டு சுவிட்சுக்கும் மதிப்பு 1 கொடுங்கள். ஜங்ஷன்களைத் தவிர்க்கும் எக்ஸ்ஜே சுவிட்சும் கட்டாயம். மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளை வைக்கும் ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா' என்று ஒரு ஜங்ஷன் (வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்பு) இருக்கிறது, அது அதே லோக்கலுக்கே திரும்பக் காட்டும். அதன் வழியே நுழைந்துவிட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க்கொண்டே இருக்கும். எல்லா விவரத்தையும் சேர்த்து எடுக்கும் காப்பிஆல் சுவிட்ச் வேண்டாம். பழைய கணக்கின் பர்மிஷனும் கூடவே வந்து, புதுக் கணக்கில் 'அனுமதி இல்லை' என்று மறிக்கும்.

எடுத்ததைப் புது ப்ரொஃபைலின் மேல் மொத்தமாகக் கொட்டக் கூடாது. குறிப்பாக என்டியூசர்.டாட். அது பழைய கணக்கின் ரெஜிஸ்ட்ரி, அதாவது அமைப்புகளின் பதிவேடு. மேலே வைத்தால் லாகின் கெட்டு டெம்பரரி ப்ரொஃபைலில் போய் விழ வாய்ப்புண்டு. ஆப்டேட்டாவில் எந்த மென்பொருளின் ஃபோல்டர் தேவையோ அதை மட்டும், அந்த மென்பொருளை நிறுவி ஒரு முறை திறந்து மூடிய பிறகு மாற்றுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்கள் ஃபான்ட்டை மறக்கக் கூடாது. அந்த ஒரு பயனருக்கென்று நிறுவிய ஃபான்ட்கள் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்காது, ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் ஒளிந்திருக்கும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி ஃபான்ட் இல்லாமல் பழைய பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான். புது விண்டோஸில் வெறுமனே ஃபோல்டரில் போட்டால் போதாது, மறுபடி இன்ஸ்டால் கொடுக்க வேண்டும்.

அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு 4 ஜிபியைத் தாண்டியிருந்தால் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏறாது. சர்வர் மெயிலின் நகலான ஓஎஸ்டி கோப்பை எடுக்க வேண்டாம், சர்வரிலிருந்து தானாக இறங்கிவிடும். டேலி டேட்டா பல கணினிகளில் பயனர் ஃபோல்டரில் இல்லாமல் பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். ஒன்டிரைவ் ஓடினால் மேகக் குறி போட்ட ஃபைல்களின் உள்ளடக்கம் டிஸ்க்கில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுப்பது பெரும்பாலும் வீண். ரெஜிஸ்ட்ரியில் பதிந்ததும் சர்வீஸ்களும் கூட வராது. மென்பொருள்களை நிறுவும் விண்டோஸ் கட்டளையான விங்கெட்டில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் மென்பொருள் பட்டியல் ஒரு சிறிய ஜேசன் கோப்பாகக் கிடைக்கும். புது விண்டோஸில் விங்கெட் இம்போர்ட் அவற்றை வரிசையாக இறக்கிப் போடும். எக்ஸ்போர்ட் ஓடும்போதே தனக்குக் கிடைக்காதவற்றைச் சொல்லிவிடும், அவற்றைக் குறித்துக்கொண்டு கையால் நிறுவுங்கள். கணினியோடு கட்டிய லைசென்ஸ்களை அழிக்கும் முன்பே சரண்டர் செய்யுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதல் லாகின் செய்தால் பயனர் ஃபோல்டருக்கு மெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்தே பெயராகும். பழைய பாதையைத் தேடும் மென்பொருள் இருந்தால் முதலில் அதே பெயரில் லோக்கல் கணக்கு திறப்பது நல்லது.

பேக்கப்பை இரண்டு மாதமாவது அழிக்காதீர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன், சம்பளப் பட்டியல், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் மாதத்தில் ஒரு முறைதான் திறக்கப்படும், விட்டுப்போனது அன்றுதான் தெரியவரும்.