பனிக்காட்டில் அந்தி வெளிச்சத்துக்கு எந்த ரெட்டிகிள்?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நம் நாட்டில் தருமபுரிக்காரன் நான் சுடுவது காகித இலக்கை மட்டும்தான். ஸ்வீடனில் இருக்கும் மச்சான் உரிமத்தோடு மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர். துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு எந்த ரெட்டிகிள், அதாவது உள்ளே தெரியும் குறிக்கோடு, நல்லது என்று கேட்டிருந்தார்.

மெல்லிய குறுக்குக்கோடு வேண்டவே வேண்டாம், மச்சான். பகலில் பனிமேல் பளிச்சென்று தெரியும். பொழுது சாய்ந்தபின் மூஸின் கரிய உடம்பில் வைத்தால் காணாமல் போகும். பாலக்கோட்டில் அந்தியில் புளியமரத்தடி எருமைமேல் கறுப்பு நூலைத் தேடுவது மாதிரி.

என் தேர்வு ஜெர்மன் நம்பர் 4. இடம், வலம், கீழ் மூன்று பக்கமும் தடித்த பட்டை. நடுவில் மட்டும் மெல்லிய கோடு. நடுக்கோடு மங்கினாலும் பட்டைகள் கண்ணை அங்கே கொண்டுபோய் நிறுத்தும். நடுவில் சிவப்பு ஒளிப்புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இருட்டில் அதை மிக மங்கலாக வைக்க முடிய வேண்டும். ஒளி கூடினால் கண் கூசி விலங்கே தெரியாது. பனி மின்னும் பகலுக்கோ அதே புள்ளி நன்றாகப் பிரகாசிக்க வேண்டும். இரண்டையும் கடையிலேயே திருகிப் பார்த்துவிடுங்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். உதிரி ஒன்று உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

அப்புறம் லென்ஸ். 56 மி.மீ. முன்லென்ஸில் 8 மடங்கு பெரிதாக்கம் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 7 மி.மீ. வயது ஏற ஏறக் கண்மணி அவ்வளவு விரியாது. உங்களுக்கு 50 மி.மீ. லென்ஸே போதும், எடையும் குறையும்.