நடுவில் ஓடும் ஜவ்வு

மாட்டிறைச்சியைத் தணலில் சுட்டுச் சாப்பிடுவோரிடம் மிருதுவான கறி எது என்று கேட்டால், பெரும்பாலோர் முதுகெலும்பின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் டெண்டர்லாயினைத்தான் சொல்வார்கள். அது மிருதுவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மாட்டிறைச்சிக்கே உரிய அந்த ஆழ்ந்த ருசி அதில் சற்றுக் குறைவு என்பது என் கருத்து. மிருதுத்தன்மையும் ருசியும் ஒருசேர அமைந்த துண்டு வேண்டுமென்றால் நான் தோள்பட்டைக்குத்தான் போவேன். அங்கே கிடைக்கும் கறிக்குப் பிளாட் அயர்ன் என்று பெயர். பழைய இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டைப் போலத் தட்டையாகவும் ஒரு முனை குறுகியும் இருக்கும்.

தோள்பட்டை என்றதும் பலர் தயங்குவது நியாயமே. மாடு நடக்கும்போதும் நிற்கும்போதும் ஓயாமல் உழைக்கும் பகுதி அது. உழைக்கும் தசையில் ஜவ்வும் முரட்டு நாரும் மிகுதி. அதனால் அந்தக் கறியை நெடுநேரம் வேகவைப்பார்கள், இல்லையேல் கொத்துக்கறியாக்கிவிடுவார்கள். ஆனால் தோள்பட்டை எலும்பின் வெளிப்புறத்தில் படிந்திருக்கும் இன்ஃப்ராஸ்பினேட்டஸ் என்ற ஒரு தசை மட்டும் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டையொட்டி நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் தோள், தொடைப் பகுதிகளின் தசைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மிருதுத்தன்மையில் டெண்டர்லாயினுக்கு அடுத்தபடியாக இந்தத் தசை நிற்பது தெரியவந்தது. அதற்குமுன் இதைத் தனித் துண்டாக வெட்டுவோர் குறைவாகவே இருந்ததற்குக் காரணம், தசையின் நடுவே நீளவாக்கில் ஓடும் ஒரு தடித்த ஜவ்வு.

அந்த ஜவ்வின் குணம் தெரியாமல் முதல்முறை நான் தசையைக் குறுக்கே வெட்டி அப்படியே தணலில் போட்டேன். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் வெள்ளைக் கோடாக அது தெரிந்தது; சூட்டில் கரைந்துவிடும் என்று நம்பினேன். கரையவில்லை. சூடு பட்டதும் சுருங்கிக் கறியையும் சேர்த்து வளைத்துவிட்டது. இருபுறமும் இருந்த கறி பஞ்சாக இருக்க, நடுப்பகுதியை எவ்வளவு மென்றாலும் விழுங்க முடியவில்லை. ஜவ்வில் உள்ள கொலாஜன் இளகி ஜெலட்டினாக மாறுவதற்கு 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மணிக்கணக்கில் சூடு வேண்டும் என்பதால், பத்து நிமிடம் சுடும் கறியில் அது நடக்க வழியே இல்லை.

ஆகவே இந்தக் கறியின் வெற்றி தோல்வி அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, வெட்டும் பலகையில் தீர்மானமாகிவிடுகிறது. தசையைத் தட்டையாகக் கிடத்தி, பக்கவாட்டில் வெள்ளையாகத் தெரியும் ஜவ்வின் மேல் மெல்லிய கத்தியை வைத்து, முனையை ஜவ்வை நோக்கி லேசாகச் சாய்த்து, நீளமாக இழுக்க வேண்டும். மீனின் தோலை உரிக்கும் அதே கைவாகுதான். கத்தி சரியான இடத்தில் போகிறதென்றால் ஜவ்வின் மேல் வழுக்கிக்கொண்டு போவது கைக்கே தெரியும். கறிக்குள் இறங்கிவிட்டால் உடனே தடை உணரலாம். மேல்பாதியை எடுத்தபின் கீழ்பாதியிலிருந்து ஜவ்வை உரித்தெடுத்தால், ஏறக்குறைய 2 முதல் 2.5 சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு தட்டையான துண்டுகள் கிடைக்கும். கறி வெட்டித் தருபவரிடம் சொன்னால் அவரே செய்து தருவார் என்றாலும், நானே செய்வதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

இந்தக் கட்டத்திலேயே நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சுட்டபின் மேற்பரப்பு கருத்துவிடும். அப்போது தேடினால் தெரியாது.

அரைக்கிலோ கறிக்கு 5 கிராம் உப்பு என்பது என் அளவு. உப்புத் தடவியதும் சுட்டுவிட வேண்டும், அல்லது குறைந்தது 40 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் மோசமானது. முதலில் உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, அந்த நீரில் தானும் கரைகிறது, பிறகுதான் மெல்ல உள்ளே திரும்புகிறது. பாதியில் எடுத்துச் சுட்டால் ஈரம் ததும்பும் கறி வறுபடாமல் அவியும். முந்தைய இரவே உப்பிட்டு, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவதையே நான் விரும்புகிறேன். காலையில் மேற்பரப்பு உலர்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாமல் இருக்கும். மிளகு தணலில் கருகிக் கசக்கும் என்பதால் கடைசியில்தான் தூவுவேன். வேறு மசாலா எதையும் நான் சேர்ப்பதில்லை. அவை மேல்தோலைத் தாண்டி அதிகம் இறங்குவதுமில்லை.

கரியை அடுப்பின் ஒருபுறம் மட்டும் குவித்து, மறுபுறத்தைக் காலியாக விட வேண்டும். கொழுப்புச் சொட்டித் தீ எழும்பினால் கறியை நகர்த்துவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா. தணலின் மேல் வெண்சாம்பல் பூத்து, கம்பிக்கு மேல் உள்ளங்கையை இரண்டு வினாடிக்கு மேல் வைக்க முடியாத சூடு வந்ததும் கறியைப் போடலாம். ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்ற பழைய விதியை நான் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் சூடு இருபுறமும் சமமாக ஏறுகிறது, மேல்பகுதி கருகுவதற்குள் உட்பகுதி வெந்துவிடுகிறது. முதலில் பெருந்தீயில் வாட்டினால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்பதும் உண்மையன்று. மேல்பகுதி சிவந்தபின்னும் கறி சீறிக்கொண்டே இருப்பது, சாறு வெளியேறிக்கொண்டிருப்பதால்தான். அந்தச் சிவப்பு நமக்கு வேண்டியது ருசிக்காக. புரதமும் சர்க்கரையும் வறண்ட சூட்டில் சேர்ந்து மணம் உண்டாக்கும் அந்த மாற்றத்துக்கு, அதை 1912இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயார் என்பவரின் பெயரே நிலைத்துவிட்டது.

எப்போது எடுப்பது என்பதை வெப்பமானியிடம் மட்டுமே கேட்கிறேன். பக்கவாட்டிலிருந்து ஊசியைச் செருகி, நடுப்பகுதி 52 டிகிரி காட்டியதும் எடுத்துவிடுவேன். தட்டில் இருக்கும்போதே மேலும் மூன்று நான்கு டிகிரி ஏறும். உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பது அந்நிலையில்தான். 65 டிகிரியைத் தாண்டினால் நார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக் கறிக்குப் பரிந்துரைப்பது 63 டிகிரியும் அதன்பின் 3 நிமிட ஓய்வும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறுவர்களும் சாப்பிடும் நாளில் நான் அந்த அளவையே கடைப்பிடிக்கிறேன். அப்போதும் இந்தத் துண்டு வறண்டுபோவதில்லை, ஏனெனில் நாருக்கிடையே கொழுப்பு நன்றாகவே இழையோடியிருக்கிறது. தட்டில் கசியும் சிவந்த நீரைக் கண்டு இரத்தம் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர் அது.

ஐந்து நிமிடம் கழித்து, முன்பு பார்த்துவைத்த நாருக்குக் குறுக்காக, விரல் கனத்தைவிடச் சற்று மெல்லியதாக அரிந்து, மிளகைத் தூவி, பலகையில் தேங்கிய சாற்றை மேலே ஊற்றிப் பரிமாறுகிறேன்.