ஜுவானினா நூலகம்: சீட்டு எடுப்பதிலிருந்து தங்கக் கூடம் வரை

போர்ச்சுகலின் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜுவானினா நூலகத்துக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது சீட்டில் இருக்கும் நேரம். வளாகத்தின் மற்ற இடங்களை நம் வசதிப்படி முன்பின்னாகப் பார்த்துக்கொள்ளலாம். நூலகத்துக்கு அது செல்லாது. குறித்த நேரத்தில், ஒரு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. நேரில் எடுப்பவர்கள் முற்றத்துக்குள் போய்த் தேட வேண்டாம். சீட்டு கொடுப்பது அந்த முற்றத்தின் நுழைவாயிலான இரும்பு வாயிலுக்கு வெளியே, பொது நூலகக் கட்டடத்தில்.

லிஸ்பனிலிருந்தும் போர்ட்டோவிலிருந்தும் வரும் விரைவு ரயில்கள் கோயிம்பிரா-பி நிலையத்தில் நிற்கும். ஊரின் மையம் அங்கிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது; பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். பல்கலைக்கழகம் இருப்பது குன்றின் உச்சியில். பழைய நகர வாயிலான அல்மெதினா வளைவு வழியாக நடந்தால் படிகளும் கல் பாவிய சந்துகளும்தான். மழை பெய்தால் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்சியில் மேலே போய் இறங்குவதே சரி. ரயில் வந்து சேரும் நேரத்துக்கும் சீட்டின் நேரத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட்டுவைத்தால் ஓட்டமும் இளைப்பும் இருக்காது.

உள்ளே போனதும் பொன் வேலைப்பாடு நிறைந்த தங்கக் கூடம் வந்துவிடாது. சுற்று கீழ்த்தளத்தில் தொடங்குகிறது. அங்கே இருப்பது பழைய மாணவர் சிறை. பல்கலைக்கழகத்துக்குத் தனி நீதி அதிகாரம் இருந்த காலத்தில், 1834 வரை, குற்றம் செய்த மாணவர்களை அடைத்துவைத்த அறைகள் அவை. அதற்கு மேலே நடுத்தளம். அங்கிருந்து படியேறினால்தான் மேல்தளக் கூடம். கீழே நின்று படம் எடுப்பதில் பொழுதைப் போக்கினால், மேலே பார்க்கக் கிடைக்கும் நேரம் குறையும். மேலே கிடைப்பதே கொஞ்ச நேரம். அடுத்த குழு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.

அதனால் கூடத்தில் எதைப் பார்ப்பது என்று முன்பே தீர்மானித்துக்கொள்வது அவசியம். நூலகம் 1717-இல் தொடங்கி 1728-இல் முடிந்தது. கட்டச் செய்தவர் மன்னர் ஐந்தாம் ஜுவாவ். அவருடைய ஓவியம் கடைசி அறையின் சுவரில் இருக்கிறது. நுழைந்தவுடன் நடுவில் நின்று அந்த ஓவியத்தை நோக்கிப் பாருங்கள். வளைவுகள் வழியே மூன்று அறைகளும் ஒரே பார்வையில் விழும். அடுத்து அலமாரிகள். பச்சை, சிவப்பு, கறுப்பு அரக்குப் பூச்சின் மேல் சீனப் பாணியில் பொன்னிறச் சித்திரங்கள் தீட்டியிருக்கிறார்கள். எட்டி நின்றால் வெறும் பொன் மினுக்கம்தான் தெரியும். கயிறு தடுக்கும் இடம்வரை நெருங்கிப் போனால் மனித உருவங்களும் மரங்களும் பறவைகளும் பிரிந்து தெரியும். பிறகு அண்ணாந்து பார்க்க வேண்டும். விதானத்தில் தூண்களும் மாடங்களும் மேலே எழும்புவதுபோலத் தெரிவதெல்லாம் ஓவியம்.

ஆனால் இந்த அழகைவிட என்னை அதிகம் கவர்ந்தது புத்தகங்களைக் காக்கும் ஏற்பாடு. சுவர்களின் கனம் இரண்டு மீட்டருக்கும் மேல், கதவு தேக்கு. அதனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. கதவை அடிக்கடி திறந்தால், வருகிறவர்களின் மூச்சும் வியர்வையும் அந்த நிதானத்தைக் குலைத்துவிடும். குழு குழுவாக விடுவதற்குக் காரணம் அதுதான். அலமாரிகள் ஓக் மரம். அடர்த்தியானது, பூச்சி எளிதில் துளைக்காது. தப்பி வரும் பூச்சிகளைத் தின்பதற்கு வௌவால்கள் இருக்கின்றன. இரவில் அவை கூடத்துக்குள் பறக்கும். எச்சம் விழுந்து மேசைகள் பாழாகாமலிருக்க, மாலையில் தோல் விரிப்புகளால் மூடிவிட்டு, காலையில் எடுத்துத் துடைக்கிறார்கள். பகலில் வௌவாலைத் தேடிப் பயனில்லை. மேல்தளத்தில் படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. காவலர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் பழைய சாயங்களுக்குக் கேடு.

வெளியே வந்ததும் முற்றத்தைச் சுற்றி முன்னாள் அரச அரண்மனையின் கூடங்களும் புனித மிக்கேல் சிற்றாலயமும் இருக்கின்றன. முனைவர் பட்டத் தேர்வு நடக்கும் பெரிய கூடத்தை மேல்மாடத்திலிருந்து பார்க்கலாம். தேர்வு நடக்கும் வேளையில் அனுமதி இருக்காது. நூலகத்துக்கு முன்பே நேரம் கிடைத்தால் அதை முடித்துவிடுங்கள்.

இங்குள்ள நூல்களைப் படிக்க விரும்பும் ஆய்வாளர்களுக்குச் சுற்றுலாச் சீட்டு உதவாது. பக்கத்திலுள்ள பொது நூலகத்தில் காரணம் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அந்த நூலை அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க முடியும்.